ஊமைப் பொத்தான்

அத்தியாயம் 7

"இந்த ஊர்ல யாரைத்தான் மேடம் நம்புறது?"

கோல்மன் லூனி கேட்டது கிசுகிசுப்பாகத்தான். கான்செப்டா டால்டி பதில் சொல்லுமுன் எதிரே இருந்த டீயை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

"டீயை நம்பலாம்னு சொல்ல வந்தேன். அதுக்கும் வழியில்லை. பால் திரிஞ்சிருக்கு."

அவர்கள் உட்கார்ந்திருந்தது அட்ராக்டா கில்லீனின் சமையலறை. வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். பெட்டியை எடுத்து வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனவள் ஐந்து நிமிஷமாகியும் வரவில்லை. பெட்டி என்றால் துணிப்பெட்டி இல்லை, கான்செர்டினா. இரண்டு கைக்குள் அடங்குகிற துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் இந்தக் கடலோர ஊர் கில்மோரனில் சாமி படம் இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், கான்செர்டினா இல்லாத வீடு இருக்காது.

கான்செப்டா இருபத்திரண்டு வருஷம் போலீஸில் சார்ஜென்ட்டாக இருந்தவள். இப்போது எனிஸ் டவுனில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். கோல்மன் அவளுடைய உதவியாள். கார் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான். மிச்ச நேரத்தில் போரான் என்கிற ஆட்டுத்தோல் மேளம் அடிப்பான். பிடில்காரர்களும் புல்லாங்குழல்காரர்களும் போரான்காரனைக் கண்டால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். அது அந்த நாட்டு வழக்கம், கோல்மன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். 'ஏழு கப்பல்' என்று ஒரு டி.வி. தொடர். வாளும் கடலும் தாடியுமாக உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஆரம்ப இசை ஒரு அயர்லாந்து மெட்டு. அந்த மெட்டு மூன்று இடத்தில் சட்டென்று ஒரு சுரத்தை முழுங்கும். அந்த வெற்றிடத்தில்தான் ஜனங்களுக்குக் கால் தரிக்கவில்லை. தட்! ரக்பி மைதானத்தில் இருபதாயிரம் பேர் ஒன்றாகத் தட்டுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தட்டுகிறான். பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு பசுமாடு தட்டுகிறது.

அட்ராக்டா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், ஐம்பத்தெட்டு வயது. டி.வி.யில் அதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். 'இது நான் போட்ட மெட்டு. என் அண்ணன் கடலோடு போனபோது போட்டது' என்று தொடர் எடுத்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். இது நாட்டுப்புற மெட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தது. கம்பெனிக்கு மெட்டைக் கொடுத்தவர் அதே ஊர்க்காரர், மாலக்கி கான்சிடைன். நாற்பது வருஷமாக டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மெட்டு சேகரிக்கிற பெரிய மனிதர். அட்ராக்டா விடாமல் சத்தம் போடவே, போன மாதம் அவர் பழைய பங்குச் சாமியார் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியைத் தோண்டி எடுத்தார். உள்ளே ஃபாதர் கரிஹி என்கிற பாதிரியார் 1911-ல் எழுதிய மெட்டுப் புத்தகம். பதினேழாம் பக்கத்தில் அச்சு அசலாக அதே மெட்டு. மூன்று வெற்றிடம் உட்பட!

அவ்வளவுதான், ஊர் அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. கில்மோரனில் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டைத் திருடலாம். பத்து வருஷம் கழித்து அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் ஊர்ப் பொது மெட்டைத் தன்னுடையது என்று சொன்னவளை அவள் செத்தால்கூட மன்னிக்க மாட்டார்கள். ஹானரன் பப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடி வாசிக்கிற ஜமாவில் முப்பது வருஷமாக அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது யாரோ ஒருவருடைய கோட்டு உட்கார்ந்திருக்கிறது. 'ஆள் வருது' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆள் வருவதே இல்லை.

நாளை மறுநாள் ஞாயிறு, நாலு மணி. அதே பப்பில் அந்தப் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன் 'நான் பொய் சொன்னேன்' என்ற கடிதத்தில் அட்ராக்டா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கோர்ட்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இந்தம்மா நிஜமாவே பொய் சொல்லியிருந்தா?"

"அப்படித்தான் நானும் நினைக்கிறேன். எதுலன்னுதான் தெரியலை."

அட்ராக்டா கறுப்புப் பெட்டியோடு வந்தாள். கட்டுமஸ்தான உடம்பு, அழுது வீங்கின கண். உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். கோல்மனின் கால் தன் பாட்டுக்கு எழும்பியது. கான்செப்டா மேஜைக்கடியில் அதை மிதித்தாள்.

மெட்டு முடிந்தது.

"நல்லாயிருக்கு. அந்த மூணு இடத்துல ஏன் நின்னுபோகுது?" கான்செப்டா கேட்டாள்.

"அது அப்படித்தான் வந்துச்சு."

"வேற பெட்டியில இதை வாசிச்சிருக்கீங்களா?"

"என்கிட்ட இது ஒண்ணுதான். எப்பவும் இது ஒண்ணுதான்." அட்ராக்டா கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் கான்செப்டா கேட்டாள். "கோல்மன், அவ முகத்தைப் பாத்தியா, கையைப் பாத்தியா?"

"காலை மிதிச்சிட்டீங்க. வலியில கையைத்தான் பாத்தேன். வலது கை மூணாவது விரல். அந்த மூணு இடத்துலயும் ஒரு பொத்தான்கிட்ட போச்சு, தொட்டுச்சு, அழுத்தாம திரும்பிடுச்சு."

"மனசுல வெற்றிடத்தோட போட்ட மெட்டுன்னா விரல் அங்க போகவே போகாது. போகுதுன்னா அங்க ஒரு சுரம் இருந்திருக்கு. இருந்தும் பேசலை."

"இந்தப் பெட்டியில அந்தப் பொத்தான் நல்லாத்தானே இருக்கு?"

"இந்தப் பெட்டியில."

கோல்மன் வண்டியைக் கிளப்பினான். "அப்ப இன்னொரு பெட்டி இருக்கு. இல்லவே இல்லைன்னு சொல்றாங்க. பேஷ்! நம்மளைக் கூப்பிட்டவங்களே நம்மகிட்ட புளுகினா, எதிராளி பாவம் எதுக்கு மெனக்கெடணும்?"

* * *

அந்தக் கரைப் பக்கம் கான்செர்டினாவுக்கு வைத்தியம் பார்க்க ஒரே ஆள்தான். கில்ரஷ் டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஜார்லத் மெஸ்கல். முன்னால் சைக்கிள், பின்னால் பட்டறை. சனிக்கிழமை காலை அவர்கள் உள்ளே நுழைந்தபோது ஜார்லத் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பஞ்சரா?"

"பெட்டி."

"எங்க பெட்டி?"

"எங்ககிட்ட இல்லை. அட்ராக்டா கில்லீன் கொண்டுவந்த பெட்டியைப் பத்தி..."

வெண்ணெய்க் கத்தி நின்றது. "இந்தா பாரும்மா. பெட்டியைப் பத்திக் கேளு, ராத்திரி வரைக்கும் சொல்றேன். பெட்டிக்காரங்களைப் பத்திக் கேட்டா, வந்த வழி அங்க இருக்கு. டாக்டர்னா ஒரு இது வேணும்ல?"

"ரொம்ப சரி," என்றாள் கான்செப்டா. கோபமே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஆளை விடுங்க. வலது கை மூணாவது விரலுக்கு ஊமையா ஒரு பொத்தான் உள்ள பெட்டி ஏதாவது உங்க கைக்கு வந்திருக்கா?"

ஜார்லத் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கத்தியை நக்கிவிட்டு வைத்தார்.

"சிவப்புப் பெட்டி. உப்புத் தண்ணி குடிச்ச பெட்டி அது. உள்ள மணல் இருந்துச்சு, சின்னதா ஒரு கிளிஞ்சல்கூட இருந்துச்சு. சுரத்துக்கு ஒண்ணா உள்ள துடிக்கிற தகடு, நாக்குன்னு சொல்லுவோம், அத்தனையும் கழட்டித் தொடைச்சேன். ஒண்ணே ஒண்ணு துருப்பிடிச்சு ஒடிஞ்சு போச்சு. புதுசு போடக் கையில எடுத்துட்டேன். வேண்டாம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"ஏன்?"

"ஆளைப் பத்திக் கேக்காதேன்னு இப்பத்தானே சொன்னேன்?"

கோல்மன் இருமலில் சிரிப்பை மறைத்தான். "அண்ணாச்சி, நாக்கு ஒடிஞ்சா அந்தச் சுரமே வராதா?"

"நீ மேளக்காரனா?"

"எப்படித் தெரியும்?"

"கேள்வியிலயே தெரியுது." ஜார்லத் பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். "இது மூச்சு விடுற சாமான். ஒரே பொத்தான்தான், துருத்தியை இழுத்தா ஒரு சுரம், அமுக்கினா இன்னொரு சுரம். அந்தப் பெட்டியில செத்தது இழுக்கிற பக்கத்து நாக்கு. பெட்டியைத் திறக்கிறப்ப அந்தச் சுரம் வராது. மூடுறப்ப பக்கத்துப் பொத்தான்ல அதே சுரம் தாராளமா வரும். புரியுதா, இல்லை மேளத்துல அடிச்சுக் காட்டணுமா?"

கான்செப்டா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். ஃபாதர் கரிஹி புத்தகத்தின் பதினேழாம் பக்கம். கம்பெனி மிரட்டல் கடிதத்தோடு அனுப்பிய நகல்.

"கோல்மன், உனக்கு நோட்டு படிக்க வருமா?"

"படிக்க வராது. எண்ண வரும்." அவன் விரலை வைத்துக்கொண்டே போனான். முணுமுணுத்தான். திரும்ப முதலிலிருந்து எண்ணினான். "மேடம், இங்க ஒரு கூத்து. அந்த அடி மெட்டுல நாலு தரம் வருது. மூணு தரம் வெற்றிடம். நாலாவது தரம் அந்தச் சுரம் இருக்கு! டி.வி.யிலயும் அப்படித்தான், நாலாவதுக்கு யாரும் கால் தட்ட மாட்டாங்க."

ஜார்லத் கையிலிருந்த பெட்டியில் மெல்ல அந்த மெட்டை வாசித்தார். முதல் மூன்று முறை அந்த இடம் வந்தபோது துருத்தி திறந்துகொண்டிருந்தது. நாலாவது முறை மூடிக்கொண்டிருந்தது. ஜார்லத்துக்கே புல்லரித்திருக்க வேண்டும், முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"எப்ப வந்துச்சு அந்தப் பெட்டி?" கான்செப்டா கேட்டாள்.

"அதுக்குள்ளயே இருக்கும். வைத்தியம் பாத்த பெட்டிக்குள்ள பென்சில்ல எழுதி வைக்கிறது எங்க தொழில் வழக்கம். யாரு, எப்ப, என்ன செஞ்சோம்னு. எனக்கு முந்தித் தொட்டவன் எனக்கு எழுதியிருப்பான், பின்னால வர்றவனுக்கு நான் எழுதுவேன்." சற்றுத் தயங்கினார். "பெட்டியைப் பத்தி இன்னொண்ணு சொல்லலாம். பக்கவாட்டு மரத்துல ஒரு பேர் சுட்டிருக்கும். செனன்னு."

செனன் கில்லீன், அட்ராக்டாவின் அண்ணன். 1996 அக்டோபரில் நண்டுக் கூடை எடுக்கப் போன படகோடு முழுகினவன்.

காரில் கோல்மன் வாயை மூடவில்லை. "அண்ணன் பெட்டியைத் தங்கச்சி வச்சிருந்தா அதுல ஒளிக்க என்ன இருக்கு? அண்ணன் போட்ட மெட்டா இருக்குமோ? பெட்டியோட சேத்து மெட்டையும் அமுக்கிட்டாங்களோ?"

"செனன் போட்டிருந்தா வெற்றிடம் இருக்காது. அவன் உசிரோட இருந்தப்ப அந்த நாக்கும் உசிரோட இருந்துச்சு."

கோல்மன் வண்டியை அட்ராக்டா வீட்டுப் பக்கம் திருப்பினான்.

* * *

அட்ராக்டா ஸ்கூல் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். கான்செப்டா சுற்றி வளைக்கவில்லை.

"சிவப்புப் பெட்டி எங்க?"

தண்ணீர்க் குழாய் அட்ராக்டாவின் கையில் அப்படியே நின்றது. தண்ணீர் அவள் பூட்ஸிலேயே கொட்டியது. கோல்மன்தான் போய்க் குழாயை மூடினான்.

"படகு போய் நாலாம் நாள் பெட்டி கரை ஒதுங்குச்சு," என்றாள் கடைசியில். "படகுத்துறையில நான் மட்டும் இருந்தேன். ஆளு கிடைக்கவே இல்லை, அது உங்களுக்குத் தெரியும். என் கோட்டுக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசல்ல நூலா அண்ணி நின்னுக்கிட்டிருந்தாங்க. 'ஏதாவது கிடைச்சுதா?'ன்னு கேட்டாங்க. 'ஒண்ணும் கிடைக்கலை அண்ணி'ன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா என்னத்தைச் சொல்ல? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்னு நினைச்சேன். மறுநாள் குடுத்துடலாம்னு. மறுநாள் குடுத்தா நேத்து ஏன்டி பொய் சொன்னேன்னு கேப்பாங்கள்ல? ஒரு வாரம் ஆச்சு. ஒரு வருஷம் ஆச்சு. இருபத்தெட்டு வருஷமாச்சு. அவங்களுக்கு அவரோட தொப்பிகூட மிஞ்சலை." அட்ராக்டா பஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பதாம் நாள் பூசை அன்னிக்கு சாயங்காலம் ஹானரன்ல மூலையில உக்காந்து, பேரைக் கையால மறைச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டியில வாசிச்சேன். அண்ணி வரலை, படுத்த படுக்கையா இருந்தாங்க. அதுக்கப்புறம் என் கறுப்புப் பெட்டியிலதான், அதுவும் வீட்டுக்குள்ள. ஆனா அந்த மூணு இடத்துல என் விரல் அமுங்க மாட்டேங்குது. அந்தச் சுரத்தைக் கடல் எடுத்துக்கிச்சு. நான் யாரு திருப்பிப் போட?"

"முப்பதாம் நாள் வாசிச்சப்ப மாலக்கி இருந்தாரா?"

"அவர் இல்லாத இடம் ஏது? டேப் ரெக்கார்டர் மேல கோட்டைப் போட்டு நாற்காலிக்கடியில வச்சிருப்பார்."

கான்செப்டா அவள் பக்கத்தில் ஈரப் படியிலேயே உட்கார்ந்தாள். "அந்தப் பெட்டியை நாளைக்கு நாலு மணிக்கு ஹானரனுக்குக் கொண்டு வாங்க. உங்க பேரை அது ஒண்ணுதான் காப்பாத்தும்."

"எல்லார் முன்னாலயுமா? அண்ணி முன்னாலயா?" அட்ராக்டா தலையை ஆட்டினாள். "மெட்டுத் திருடின்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும். கட்டின பொண்டாட்டியோட... அவங்களோட கடைசிப் பொருளைத் திருடினவன்னு என்னால நிக்க முடியாது."

"யோசிங்க," என்றாள் கான்செப்டா. எழுந்து காருக்கு நடந்தாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஹானரன் பப்பில் எள் போட்டால் எள் விழாது. ஜன்னலோரத்தில் நூலா கில்லீன் கறுப்புக் கோட்டும் கையில் சூப் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தாள். வாசிக்கிறவர்கள் வட்டத்தில் பிடில்காரர் டோனலுக்குப் பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல ஒரு கோட்டு. டப்ளினிலிருந்து கம்பெனி வக்கீல் வந்திருந்தாள், சின்ன வயசுப் பெண், கையெழுத்துக்கான கடிதம் அவள் முன்னால் தயாராக இருந்தது. அட்ராக்டாவைக் காணோம்.

மாலக்கி கான்சிடைன் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தார். நூற்றுப் பதிமூன்று வருஷமாக ஈயம் வைத்து மூடிக் கிடந்த பெட்டி, மனிதர் கண் படாத புத்தகம் என்று உருகி உருகிப் பேசினார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

கான்செப்டா கையைத் தூக்கினாள். "ஐயா, ஒரு சந்தேகம். ஃபாதர் கரிஹி இதை யாருகிட்ட கேட்டு எழுதினார்?"

"பிடில்காரர் ஒருத்தர்கிட்ட. பக்கத்து ஓரத்துல பேரே எழுதியிருக்கு."

"பிடில்காரர் எதுக்கு மூணு இடத்துல நிறுத்தினார்?"

மாலக்கி பெரிய மனசோடு சிரித்தார். "ஆட்டக்காரங்க கால் தட்டுறதுக்கு விட்ட இடம்மா அது. பழைய பாணி. இப்ப உலகமே தட்டுது பாருங்க!"

"நாலாவது தரம் அதே இடத்துல சுரம் இருக்கே. ஆட்டக்காரனுக்குக் கால் வலிச்சிருச்சா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. மாலக்கிக்கு அது பிடிக்கவில்லை. "கேட்டதைக் கேட்டபடி எழுதுறதுதான் நல்ல சேகரிப்பு. ஒரு சுரம் கூட்டக் கூடாது, ஒரு சுரம் குறைக்கக் கூடாது. ஃபாதர் அப்படி எழுதினார். நானும் நாப்பது வருஷமா அப்படித்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் கான்செப்டா. "புத்தகத்தை உங்களுக்கு முந்தி யாரும் பாத்திருக்க முடியாது, அப்படித்தானே?"

"ஈ எறும்புகூடப் பாத்ததில்லை. இதெல்லாம் எதுக்கு? ஏதாவது ஆதாரம் இருக்கா உங்ககிட்ட?"

கான்செப்டா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. கோல்மன் வாசலைப் பார்த்தான். "மேடம், நான் வேணா மேளம் அடிச்சுக் கலைச்சு விடட்டுமா?" என்றான் மெதுவாக. அவன் குரலில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. கம்பெனி வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

கதவு திறந்தது.

அட்ராக்டா வந்தாள். கையில் துண்டு சுற்றின ஏதோ ஒன்று. ஜனங்கள் வழி விட்டார்கள், மரியாதைக்கு இல்லை, பட்டுவிடக் கூடாதென்று. அவள் கண்ணாடிப் பெட்டிப் பக்கமும் போகவில்லை, வக்கீல் பக்கமும் போகவில்லை. நேரே ஜன்னலோரத்துக்குப் போய் நூலாவின் மடியில் அதை வைத்தாள்.

"அண்ணி. அன்னிக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு சொன்னேன். இது கிடைச்சுது."

நூலா துண்டை விலக்கினாள். சிவப்புப் பெட்டி. பக்கவாட்டு மரத்தில் சுட்டிருந்த பெயரின் மேல் அவள் கட்டைவிரல் போய்ப் போய் வந்தது.

"இத்தனை வருஷமாவா?" என்றாள் நூலா.

"இத்தனை வருஷமா."

கான்செப்டா அவளருகே போய் மண்டியிட்டாள். "நூலாம்மா, இது இப்ப உங்க பொருள். நீங்க அனுமதி குடுத்தா இதைத் திறக்கணும்." நூலா தலையாட்டினாள். கோல்மன் பேனாக்கத்தியால் திருகாணிகளைக் கழற்றினான். கான்செப்டா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "இதுல வலது கை மூணாவது விரல் பொத்தான் இழுக்கிறப்ப ஊமை. அமுக்குறப்ப அதே சுரம் பக்கத்துப் பொத்தான்ல வரும். அதனாலதான் மூணு வெற்றிடம், நாலாவது முழுசு. இந்த மெட்டை இந்தப் பெட்டிதான் இப்படி வெட்டுச்சு. பிடில்ல ஊமைச் சுரம் கிடையாது. இது எப்ப ஊமையாச்சுன்னு உள்ள எழுதியிருக்கும். நீங்களே படிங்க."

நூலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பெட்டியின் வயிற்றுக்குள் மங்கிப்போன பென்சில் எழுத்து.

"ஜார்லத் மெஸ்கல், கில்ரஷ், நவம்பர் 1996," என்று படித்தாள். "கடல் தண்ணி. ஒரு நாக்கு போச்சு. மாத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க..." அங்கே நின்றாள். பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பி மிச்சத்தையும் படித்தாள். "அது அண்ணன் மூச்சு நின்ன இடமாம்."

ஜார்லத் தன் பட்டறையில் வாயைத் திறந்து சொல்ல மறுத்த பதில் அது.

"1996-ல கடல் தின்ன சுரம்," என்றாள் கான்செப்டா, "1911-ல எழுதின புத்தகத்துல எப்படிக் காணாமப் போச்சு? அட்ராக்டா புத்தகத்தைப் பாத்திருக்க முடியாது. யாரும் பாத்ததில்லைன்னு இப்பத்தான் ஐயா தன் வாயால சொன்னார். அப்ப புத்தகம்தான் அட்ராக்டாவைக் கேட்டிருக்கணும். நாற்காலிக்கடியில இருந்து, கோட்டுக்குள்ள இருந்து. காகிதம் பழசுதான். பங்குச் சாமியார் வீட்டுல பழைய வெத்து நோட்டு நிறைய கிடக்கும். ஒரு சாதாரணத் திருடன்னா அந்த இடத்தை நிரப்பி ஒழுங்கு பண்ணியிருப்பான். ஐயா பெரிய சேகரிப்பாளர். கேட்டதைக் கேட்டபடிதான் எழுதுவார்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மாலக்கியின் புளுகு முப்பது நாள் நின்றது, அந்த வகையில் அவர் கெட்டிக்காரர்தான்.

"பழசுன்னு நினைச்சுத்தான் கம்பெனிக்குக் குடுத்தேன்," என்றார் மாலக்கி. குரல் சுருங்கிவிட்டது. "டேப்புல பேர் எழுத மறந்திருந்தேன். சத்தியமா மறந்திருந்தேன். அவ கடிதம் போட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பழசுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சே. நாப்பது வருஷப் பேரு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

கோல்மன் அட்ராக்டாவைப் பார்த்தான். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுநாள் திருத்த முடியாமல் போன இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருத்தி நடந்து வந்து மடியில் வைத்துவிட்டாள். இன்னொருத்தர் தன் பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு ஏழை மனுஷியின் முதுகைக் கேட்டார். அவனுக்கு மாலக்கியின் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

கம்பெனி வக்கீல் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள், தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாலக்கி தொப்பியைத் தேடினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிடில்காரர் டோனல் எழுந்து பக்கத்து நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அது அவருடைய கோட்டுதான் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"உக்காரு அட்ராக்டா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அட்ராக்டா உட்காரவில்லை. நூலாவின் எதிரே நின்றாள். கோல்மன் பெட்டியை மூடித் திருகாணி போட்டு நூலாவிடம் கொடுத்தான். நூலா அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் உன்னை மன்னிக்கலை," என்றாள். "அதை நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு அவரோட ஒரு சட்டைப் பொத்தான்கூட மிஞ்சலைன்னு தினம் அழுதிருக்கேன். நீ அடுத்த வீட்டுல இருந்து அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கே."

"ஆமா அண்ணி."

"டி.வி.யில அந்த மெட்டு வந்தா நானும் காலைத் தட்டினேன்டி. என் புருஷன் மூச்சு நின்ன இடத்துல, ஊரோட சேந்து தட்டினேன்." நூலா பெட்டியை நீட்டினாள். "இந்தா. வாசி. இந்தப் பெட்டியில நான் இதைக் கேட்டதே இல்லை."

அட்ராக்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பெட்டி இருபத்தெட்டு வருஷத்துக்கப்புறம் அந்த அறையில் மூச்சை இழுத்தது. டி.வி.யில் வருகிற வேகம் இல்லை. மெதுவாக, படகு துறையை விட்டுப் போவதுபோல மெட்டு கிளம்பியது. கோல்மன் மடியில் மேளத்தை வைத்திருந்தான்.

முதல் வெற்றிடம் வந்தது. அவள் விரல் இந்தத் தடவை பொத்தானை முழுசாக அழுத்தியது. பெட்டியிலிருந்து வெறும் காற்று மட்டும் வந்தது.

ஒரு வருஷமாகக் கல்யாணத்திலும் மைதானத்திலும் அந்த இடத்தில் தட்டியே பழகின கால்கள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. கோல்மன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவது இடத்திலும் யாரும் தட்டவில்லை. மூன்றாவது இடத்திலும்.

நாலாவது முறை துருத்தி மூடியபோது அந்தச் சுரம் வந்தது. அதைக் கேட்டதும்தான் நூலா அழ ஆரம்பித்தாள்.